நாதமும் மௌனமும்

இசையைப் பற்றி எழுதுமாறு மலர்க் குழுவினர் அன்புடன் பணித்தமையைச் சிரமேற்கொண்ட எளியேன், இசை சென்று முடியும் இடமாகிய மௌனத்தைப் பற்றியே எழுதத் துணிகின்றேன். மௌனத்தின் சுவையை அறியாதவர் நாதத்தின் பயனையும் முற்ற அறியார் என்பது என் உறுதியான கொள்கை.

ஆன்றோர் நெறி

மாண்டூக்கிய உபநிடதம், பன்னிரண்டே மந்திரங்களில் பிரணவத்தை ஆராய்ந்து, அகர உகர மகரங்களை நனவு, கனவு, சுழுத்தி என்னும் மூன்று அவஸ்தைகளோடு பொருத்தி, மாத்திரையற்ற நான்காவதைத் துரியமாகத் தெளிவிக்கின்றது. ஒலியை வெறுத்தவர்க்கன்று, ஒலியை ஓதிக் கடந்தவர்க்கே அந்நிலை கைகூடும் என்று நான் கொள்வேன். கல்லாலின் கீழே சனகாதி முனிவர் நால்வருக்கும் சின்முத்திரையால் ஞானம் உணர்த்திய தக்ஷிணாமூர்த்தியின் உபதேசமும், தாயுமானவரை ஆட்கொண்ட மௌனகுருவின் மகிமையும் இந்நெறியின்பாற்பட்டனவே. நம் ஈழநாட்டிலே, தொண்டைமானாற்றுச் செல்வச் சந்நிதியில், பூசகர் வெண்துணியால் வாயைக் கட்டி, மந்திரமின்றியே முருகப் பெருமானை வழிபடும் அருமையை எண்ணுந்தோறும் உள்ளம் உருகுகின்றது.

பௌத்த ஆகமமும் இந்நெறிக்கு அயலானதன்று. ஆன்மா உண்டோ இல்லையோ என்று வச்சகோத்தர் என்னும் துறவி வினவியபோது ததாகதராகிய புத்தர் வாய்திறவாது இருந்தார் என்றும், அதன் காரணத்தைப் பின்னர்த் தம் சீடர் ஆனந்தருக்கு விளக்கினார் என்றும் சம்யுத்த நிகாயம் கூறும். எவ்விடை பகர்ந்தாலும் வினவியவர் மயக்கத்தில் வீழ்வார் ஆதலின், அவ்விடத்தே மௌனமே கருணையாயிற்று.

கண்டியின் பேறு

கண்டித் தலதா மாளிகையிலே தேவாவ என்னும் பூசை வேளையில், கீழே ஹேவிசி மேளம் முழங்க, மேலே பிக்குமார் அடக்கத்துடன் பூசை இயற்றுவர். முழக்கமும் அமைதியும் ஒரே வழிபாட்டின் இரு கூறுகளாதலை இங்கே கண்ணாரக் காணலாம். உடவத்தகெலே வனத்து ஆசிரமத்தில் 1952 முதல் உறைந்த ஜெர்மானியத் துறவி ஞானபோனிக்க மகாதேரரின் தவமௌனமும் வீண்போகவில்லை; 1958இல் இந்நகரில் தோன்றிய பௌத்த வெளியீட்டுச் சங்கத்தின் வாயிலாக அது நூல்களாகி உலகெங்கும் பரந்தது.

அச்சத்தின் வாயடைப்பு

மௌனத்தின் வேடம் பூண்ட வேறொன்றும் உலகில் உண்டு; அஃது அச்சுறுத்திப் பிறர்மேல் சுமத்தும் வாயடைப்பு. 1972 செப்டெம்பரில் பிலிப்பைன்ஸின் ஆட்சியாளர் மார்க்கோஸ், இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்துப் பத்திரிகைகளையும் வானொலி நிலையங்களையும் அடைத்தார். மறுவருடமே ஹுவான் டி லா குரூஸ் என்னும் அந்நாட்டு இசைக்குழுவினர், மேனாட்டு றொக் இசையிலே தம் தகாலொக் மொழியை ஏற்றி, ‘ஹிமிக் நாத்தின்’ இசைத்தட்டை வெளியிட்டனர். 1986 பெப்ருவரியில் மணிலாவின் எட்சா பெருவீதியில் மக்கள் திரண்டபோது, ஆட்சியாளர் தடுத்திருந்த ‘பாயன் கோ’ என்னும் நாட்டுப்பற்றுப் பாடலைப் பாடகர் பிரெடி அகிலார் பாடினார். அதே நாட்டுக் கத்தோலிக்கர், பெரிய வெள்ளியன்று ஆலய மணிகளை ஒலியாது அடக்கித் தாமே விரும்பி மோனம் காக்கின்றனர். பிறர் சுமத்திய வாயடைப்பை உடைத்தவர்கள் பக்தியால் ஏற்ற மௌனத்தைப் போற்றுவது முரண் அன்று. இரண்டும் ஒரே ஆன்ம சுதந்திரத்தின் வெளிப்பாடே.

ஆதலின், மலைநாட்டுத் தமிழ் இளைஞர்காள், விரும்பிய இசையைப் பயிலுங்கள். கோயில் விழாக்களில் ஒலிபெருக்கியின் ஓசையைக் குறைத்து, தீபாராதனைக்குப் பின் சிறிது நேரமேனும் மௌனமாய் இருங்கள். அநீதி கண்டவிடத்து மாத்திரம் ஒருபோதும் மௌனம் சாதியாதீர்கள்.