முப்பத்து மூன்று வயதில் இலக்கணப் பாடம்



"இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு சாமி?" ஞாயிறு வாசகம் வாசிக்க ஒரு பெரியவரை அழைத்தால் இந்தப் பதில்தான் வருகிறது. "பேரன் வாசிக்கட்டும்" என்கிறார். கணவரை இழந்த தாய் ஒருவர், வங்கிப் படிவம் நிரப்பத் தெரியாமல் ஒவ்வொரு மாதமும் யாரையாவது தேடி நிற்கிறார். கற்றுக்கொள்ளலாமே என்றால் அவரும் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுகிறார். இன்று அவர்களோடும் நம்மோடும் பேசத் தகுதியுள்ள ஒரு மாணவரை நினைவுகூர்வோம். அவர் புனித லொயோலா இஞ்ஞாசியார்.

1491இல் பிறந்த இஞ்ஞாசியார் வாளோடு வளர்ந்தவர். 1521இல் பாம்பலூனா கோட்டையைக் காக்கும் போரில் பீரங்கிக் குண்டு அவர் காலை முறித்தது. படுக்கையில் கிடந்தபோது மனம் மாறினார். 1523இல் எருசலேம் சென்று அங்கேயே தங்க விரும்பினார், அனுமதி கிடைக்கவில்லை. ஆன்மாக்களுக்கு உதவ வேண்டுமானால் படிக்க வேண்டும் என்று உணர்ந்தார். அக்காலத்தில் படிப்பின் வாசல் இலத்தீன். 1524இல், முப்பத்து மூன்று வயதில், பார்சலோனாவில் அர்தேவோல் என்ற ஆசிரியரிடம் இலக்கணத்தின் முதல் பாடத்தைத் தொடங்கினார்.

அங்கே ஒரு விந்தை நடந்தது. பாடத்தை மனப்பாடம் செய்ய உட்கார்ந்தாலே, மறைபொருள்களைப் பற்றிய புதிய தெளிவும் இனிமையும் உள்ளத்தில் பெருகின. புத்தகம் மூடிக்கொள்ளும், பாடம் ஏறாது. வேறொருவர் என்றால் இதை வரம் என்று கொண்டாடியிருப்பார். இஞ்ஞாசியாரோ, செபத்திலும் திருப்பலியிலும்கூட வராத இந்தத் தெளிவு பாட வேளையில் மட்டும் வருவது ஏன் என்று கேட்டுக்கொண்டார். இது சோதனை என்று கண்டுகொண்டார். ஆசிரியரைப் புனித கடல் மரியா ஆலயத்திற்கு அழைத்துச் சென்று எல்லாவற்றையும் திறந்து சொன்னார். பார்சலோனாவில் தமக்கு அப்பமும் தண்ணீரும் கிடைக்கும்வரை, இரண்டு ஆண்டுகள் ஒரு பாடத்தையும் தவறவிடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். அதன்பின் அந்தச் சோதனை அங்கே அவரை அணுகவில்லை.

கதை அதோடு முடியவில்லை. அடுத்து அல்காலாவில் அவசர அவசரமாகப் பல பாடங்களைப் படித்தார். 1528இல் பாரீஸ் வந்தபோது அடித்தளமே பலவீனம் என்பது தெரிந்தது. வெட்கப்படாமல் மறுபடியும் சிறுவர்களோடு அமர்ந்து, இலத்தீனைத் தொடக்கத்திலிருந்து படித்தார். அடுத்த ஆண்டு தத்துவப் படிப்பில் அவருக்குத் துணைநின்றவர், தம்மைவிடப் பதினைந்து வயது இளையவரான பீட்டர் ஃபேபர். 1535இல் முதுகலைப் பட்டம் பெற்றார். முதல் இலக்கணப் பாடத்திலிருந்து அதற்குப் பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன.

பாரீஸ் அறையில் அவர்களோடு தங்கியிருந்த இன்னொருவர் பிரான்சிஸ் சவேரியார். அவர் 1542இல் நம் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்தார். அப்போது அவருக்கு முப்பத்தாறு வயது. இரு மொழியும் அறிந்தவர்களைக் கூட்டி, செபங்களைத் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்து, ஊர் ஊராக மணியடித்துப் பிள்ளைகளை அழைத்துக் கற்பித்தார். பாரீஸின் பட்டதாரி, பரதவர் குடிசைகளுக்கு நடுவே மறுபடியும் மாணவரானார்.

அன்புக்குரியவர்களே, வயது வந்தவர்களைக் கற்கவிடாமல் தடுப்பது வெட்கம் மட்டுமன்று. நமக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த நல்ல காரியமும் தடுக்கிறது. குருக்களாகிய நாமும் இதற்கு விலக்கல்ல. பங்குப் பதிவேட்டைக் கணினியில் ஏற்றப் பழக வேண்டிய வேளையில், செபமாலை நேரம் வந்துவிட்டது என்று எழுந்துவிடுகிறோம். செபமாலை நல்லதுதான்; ஆனால் அந்த வேளையில் அது நமக்கு ஒளிந்துகொள்ளும் இடமாகிவிடுகிறது. இஞ்ஞாசியார் கண்டுகொண்டது இதைத்தான்: பாட வேளையில் இறைவனின் திருவுளம் பாடமே.

ஆகவே இஞ்ஞாசியாரைப் போல ஒருவரிடம் போய் வாய் திறந்து சொல்வோம்: "எனக்குத் தெரியாது, சொல்லித் தாருங்கள், இத்தனை நாள் தவறாமல் வருவேன்." அந்தத் தாய்க்குப் படிவம் நிரப்பக் கற்றுத்தர நம் இளையோர் முன்வரட்டும். பெரியவரும் பேரனோடு அமர்ந்து அடுத்த ஞாயிறு வாசகத்தை எழுத்துக்கூட்டியாவது வாசித்துப் பார்க்கட்டும்.

புனித இஞ்ஞாசியாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.