நேர்மறை வளைகோடு யாருடையது? 2015 சென்னை வெள்ளப் பதிவுகள்: ஒரு மறுவாசிப்பு

2015 டிசம்பர் முதல் வாரத்தில் ‘சென்னைரெயின்ஸ்ஹெல்ப்’ முதலான ஹேஷ்டேக்குகளின் கீழ்க் குவிந்த ட்விட்டர் பதிவுகள், பேரிடர்க் கால மக்கள் உணர்வை ஆராய்வோர் விரும்பி எடுக்கும் தரவாக நிலைத்துவிட்டன. அவற்றிலிருந்து வரையப்படும் சித்திரமும் ஏறத்தாழ ஒன்றுதான்: முதலில் அச்சம், ஓரிரு நாளில் நம்பிக்கை, பின்னர் நன்றி. துயரிலும் துவளாத சென்னை மனம் இந்த வளைகோட்டில் தெரிவதாகச் சொல்லப்படுகிறது. வளைகோடு தவறாக வரையப்படவில்லை. அது வெள்ளத்தில் சிக்கியவர்களின் மனத்தைக் காட்டுகிறது என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

முதல் சிக்கல் அளவுகோலில் இருக்கிறது. இத்தகைய ஆய்வுகளில் பரவலாகக் கையாளப்படும் சொற்பட்டியல்களில் ஒன்று, 2014-இல் வெளியான ‘வேடர்’. அதில் ‘ஹெல்ப்’, ‘ப்ளீஸ்’, ‘ரெஸ்க்யூ’, ‘சேஃப்’ ஆகிய நான்குமே நேர்மறைச் சொற்கள். அந்த நாள்களின் உதவிப் பதிவுகளுக்கு ஒரு பொது அச்சு இருந்தது: பகுதியின் பெயர், தெரு, எத்தனை பேர், முதியவரோ குழந்தையோ உண்டா, ஒரு கைபேசி எண், தயவுசெய்து உதவுங்கள், பகிருங்கள். முடிச்சூரில் மொட்டை மாடியில் நிற்கும் குடும்பத்துக்காக இப்படி எழுதப்பட்ட பதிவைக் கணினி கூட்டிக் கழித்துப் பார்த்தால், ‘சிக்கியிருக்கிறார்கள்’ என்பதன் எதிர்மறை மதிப்பை மற்ற சொற்கள் எளிதில் ஈடுகட்டிவிடும். கூக்குரல் நம்பிக்கைக் கணக்கில் வரவாகிவிடுகிறது.

இதைச் சரிசெய்துவிடலாம். சூழலைப் புரிந்துகொள்ளும் புதிய மொழி மாதிரிகள் வந்துவிட்டன என்று சொல்வோர் உண்டு. இந்த அளவில் அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் எழுதப்படாத பதிவை எந்த மாதிரியும் படிக்காது. இரண்டாவது சிக்கல் அங்கே தொடங்குகிறது.

டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 செ.மீ. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. அடையாறு கரை மீறி ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வீடுகளுக்குள் புகுந்தது. வெள்ளம் சூழ்ந்த பகுதிகளில் மின்சாரம் போயிற்று. கைபேசிக் கோபுரங்கள் செயலிழந்தன. விமான நிலையம் மூடப்பட்டது. அச்சகத்துக்குப் பணியாளர்கள் செல்ல முடியாததால், 1878-இல் தொடங்கிய ‘தி இந்து’ நாளிதழ் டிசம்பர் 2 அன்று சென்னையில் அச்சாகவில்லை. அதன் வரலாற்றில் அப்படி நேர்ந்தது அதுவே முதல்முறை என்று சொல்லப்பட்டது. அச்சகமே நின்றுபோன நாளில், கழுத்தளவு நீரில் நின்றவரின் கைபேசியில் மட்டும் மின்னேற்றம் இருந்திருக்கும் என்று எப்படி எடுத்துக்கொள்வது?

அப்படியானால் அந்த நாள்களில் எழுதியவர் யார்? மின்சாரம் இருந்த தெருக்களில் இருந்தவர்கள். பெங்களூரிலும் அமெரிக்காவிலும் உட்கார்ந்து பெற்றோரைத் தேடிய பிள்ளைகள். உதவிக் கோரிக்கைகளைக் கூகுள் அட்டவணைகளில் தொகுத்துத் திரும்பத் திரும்பப் பகிர்ந்த தன்னார்வலர்கள். அவர்கள் செய்தது அரிய பணி, அதில் ஐயமில்லை. ஆனால் மீட்கப்பட்டுவிட்டவருக்கான கோரிக்கைகூட மணிக்கணக்கில் சுற்றிக்கொண்டிருந்தது. பழைய பதிவுகளை நீக்குங்கள் என்று தன்னார்வலர்களே கெஞ்ச வேண்டியிருந்தது. அந்தச் சுற்றோட்டம் முழுவதும் ஆய்வில் ‘மக்கள் உணர்வு’ என்று எண்ணப்படுகிறது. பதிவில் இருக்கும் பெயர் முடிச்சூர். பதற்றமும் நன்றியும் வேறு ஊரில் இருப்பவருடையவை. இருப்பிடக் குறியீடு உள்ள பதிவுகள் மிகச் சிறு பங்கே என்பதால், இந்த இடைவெளி தரவில் கண்ணுக்கும் தெரிவதில்லை.

இது சென்னைக்கு மட்டும் உரிய கோளாறு அன்று. 2012-இல் சாண்டிப் புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது பதிவுகளில் பெரும்பகுதி மன்ஹாட்டனிலிருந்து வந்தது. கடுமையாக அடிபட்ட ராக்கவே, கோனி ஐலண்ட் போன்ற கடற்கரைப் பகுதிகளிலிருந்து மிகக் குறைவாகவே வந்தது. அதே புயலில் பதிவுகளின் எண்ணிக்கைக்கும் சேதத்துக்கும் தொடர்பு காட்டிய ஆய்வு 2016-இல் வெளிவந்ததை இங்கே எதிர்வாதமாக வைக்கலாம். அது எண்ணிக்கை பற்றிய முடிவு. உணர்வு யாருடையது என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை.

கடலூரை எடுத்துக்கொள்வோம். அதே ஆண்டு நவம்பர் 9 அன்று பண்ருட்டி அருகே பெரியகாட்டுப்பாளையத்தில் வெள்ளம் உயிர்களைக் கொண்டுபோனது. சென்னைக்கு மூன்று வாரம் முந்திய அழிவு அது. ட்விட்டர் தரவில் கடலூர் பெரும்பாலும் சென்னையின் வாலாகவே வருகிறது. கடலூர்க்காரர்களுக்கு அச்சம் குறைவு என்று யாரும் வாதிடப்போவதில்லை. ஆனால் அளவுகோல் அப்படித்தான் சொல்கிறது.

தமிழும் ஆங்கிலமும் கலந்த பதிவுகளைப் படிக்க இன்று பயிற்சித் தரவுகள் உள்ளன. அவற்றுள் பெயர்பெற்ற ஒன்று 2020-இல் வெளியானது. யூடியூபில் திரைப்பட முன்னோட்டங்களுக்கு ரசிகர்கள் எழுதிய கருத்துகளால் ஆனது. நாயகனின் அறிமுகக் காட்சியைக் கொண்டாடக் கற்ற கணினியிடம் சைதாப்பேட்டையின் துயரத்தைக் கேட்பது கொஞ்சம் கூடுதலான எதிர்பார்ப்பு. தவிர, உறவினருக்கும் அண்டை வீட்டாருக்கும் உண்மையில் பேசப்பட்டது வாட்ஸ்அப் குழுக்களில். அந்தப் பதிவுகள் ஆய்வாளர் கைக்கு வருவதில்லை, வரவும் கூடாது.

இவ்வளவும் சொன்னபின், தரவையே தூக்கியெறியச் சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. உதவி எப்படிக் கைமாறியது, வதந்தி எப்படிப் பரவியது என்பவற்றுக்கு அந்தப் பதிவுகளை விஞ்சிய சான்று இல்லை. முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்ற புரளியின் பயணத்தை இன்றும் ஆராயலாம். பாதிக்கப்பட்டோரின் உணர்வு என்ற தலைப்பை மட்டும் அந்தத் தரவுக்குச் சூட்டலாகாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகள் நாள்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தன. அப்புயல் காலப் பதிவுகளை இப்போது எடுத்தாள்வோர், உணர்வு வளைகோட்டுக்குக் கீழே பகுதிவாரியான மின்தடை நேரங்களையும் அச்சிட வேண்டும். மின்வாரியம் அந்தப் பதிவேடுகளை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட வேண்டும்.