நோட்டக்காரரின் கூலி

காசின் தரம் பார்த்துச் சொல்வது தமிழகத்தில் மிகப் பழைய தொழில். வடமவண்ணக்கன் பேரிசாத்தனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர்கிழான் ஆகிய சங்கப் புலவர்களின் பெயரிலேயே அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. வண்ணக்கன் என்றால் நாணயம் நோட்டம் பார்ப்பவன். சோழர் காலத்தில் 2 குன்றி ஒரு மஞ்சாடி, 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் இராசராசன் அளித்த பொன்னை நிறுத்த கல்லுக்கு ஆடவல்லான் என்று பெயர். தில்லைக் கூத்தனின் பெயரை எடைக்கல்லுக்கு வைத்த காலத்தில், நிறையில் பொய் சொல்ல எவருக்கும் கை கூசியிருக்கும்.

கடலூர்க் கரையில் இத்தொழிலுக்குப் பெரிய தேவை வந்தது கம்பெனிகளின் காலத்தில். 1690இல் ஆங்கிலக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச் செஞ்சி மராட்டியரிடம் விலைக்கு வாங்கிப் புனித டேவிட் கோட்டை என்று பெயரிட்டது. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதும், 1752 வரை சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடம் இதுதான். துணிக்கு விலையாகவும் வரியாகவும் பலவகைக் காசுகள் கைமாறின. அவற்றுள் பரங்கிப்பேட்டை வராகன் என்ற பொன்காசுக்கென்று தனிப்பெயரே உண்டு; சென்னையின் நட்சத்திர வராகனைவிட அதில் பொன் குறைவு. கம்பெனிக் கணக்கில் ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. கடைவீதியிலோ அந்த விலை ஏறும், இறங்கும்.

நோட்டக்காரர் காசின் விளிம்பைக் கருப்பு உரைகல்லில் மெல்லத் தேய்ப்பார். மஞ்சள் கோடு விழும். அதன் பக்கத்திலேயே மாற்று, அதாவது பொன்னின் தரம், தெரிந்த ஆணியால் இன்னொரு கோடு இழுத்து, இரண்டின் நிறத்தையும் ஒப்பிடுவார். மாற்று குறைந்தால் அதற்கேற்ப வட்டம் (தள்ளுபடி) பிடிப்பார்கள்.

இதற்குக் கொடுக்கும் கூலி தகுமா என்பதைக் கணக்கே காட்டிவிடும். நட்சத்திர வராகன் ஏறக்குறைய 3.4 கிராம், அதில் பத்தில் எட்டுப் பங்கு பொன். நூறு வராகன் கொண்ட முடிப்பில் ஒரு மாற்று, அதாவது பத்தில் ஒரு பங்கு, குறைந்தாலே 34 கிராம் பொன் போயிற்று. அங்கே சோதிக்காமல் வாங்குவது பேதைமை. பழைய பொன்பணமோ ஒரு கிராமில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஒவ்வொன்றாக உரைத்துக்கொண்டிருந்தால் பொழுதுதான் போகும். குழிவைத்த பலகையில் கொட்டி, குழிக்கு ஒன்றாக நிரப்பி, எண்ணும்போதே கண்ணால் கழிப்பதுதான் அதற்கு வழி.

1818இல் சென்னை மாகாணத்தில் ரூபாய் மூல நாணயமாயிற்று. 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று விகிதம் வகுத்தார்கள். 1835இல் கம்பெனி ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே எடை, ஒரே மாற்றில் ரூபாய் வந்தது. காசுக்குக் காசு வேறுபாடு மறைந்ததும் நோட்டக்கூலிக்கும் வேலை இல்லை. உரைகல் நகைக்கடைக்கும் அடகுக்கடைக்கும் போய்ச் சேர்ந்தது.

பழங்காசு சேகரிப்பு பெருகியபோது தரம் பார்க்கும் தொழில் வேறு உருவில் திரும்பியது. வில்லியம் ஷெல்டன் 1949இல் வகுத்த 1 முதல் 70 வரையிலான அளவைக் கொண்டு, 1986இல் தொடங்கிய பிசிஜிஎஸ், 1987இல் தொடங்கிய என்ஜிசி ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் காசை உறையிட்டு மதிப்பெண் தருகின்றன. பழைய கணக்கு இங்கும் செல்லும். 1808ஆம் ஆண்டுக் கம்பெனிச் செம்புக்காசுகள் பர்மிங்காமில் ஏராளமாக அடிக்கப்பட்டவை. அவற்றை ஏற்றி வந்த அட்மிரல் கார்ட்னர் கப்பல் 1809இல் இங்கிலாந்துக் கரையருகே மூழ்கியதால், கடலடியிலிருந்தும் மூட்டை மூட்டையாகக் கிடைத்துள்ளன. சாதாரணத் தேய்மானமுள்ள அப்படியொரு காசுக்குச் சான்று வாங்கினால் கட்டணம் காசின் விலையை விழுங்கிவிடும். போலி மலிந்த வராகனுக்கோ மெய்ச்சான்று இருந்தால்தான் நல்ல விலை கிடைக்கும்.

ஆனால் அந்நிறுவனங்களுக்கு அனுப்புமுன் இந்தியாவில் சட்டத்தையும் பார்க்க வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டைக் கடந்த காசு தொல்பொருள்; அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. வராகன் அந்த வகையில்தான் வருகிறது. தேய்ந்த காசில் பழைய நோட்டக்காரர் குத்திய சிறு முத்திரை தெரிந்தால், இன்றைய தரம்பார்ப்போர் பெரும்பாலும் அதைச் சேதமாகக் கணக்கிட்டு மதிப்பைக் குறைக்கிறார்கள். அந்தக் குத்தைப் பார்த்துத்தான் ஒரு காலத்தில் வணிகர் காசை நம்பி வாங்கினர்.