கை முறிஞ்சா 'புத்தூர் கட்டு' போடலாமா? கட்டு போடுறவங்களுக்கு என்ன தகுதி வேணும்?

பைக்கில் சறுக்கி விழுந்து கை வீங்கிவிட்டால், வடக்கனந்தல், கச்சிராயபாளையம் போன்ற ஊர்களில் முதலில் வரும் யோசனை, "புத்தூர் கட்டு போட்டா சரியாயிடும்" என்பதுதான். அது சரியா? சட்டம் என்ன சொல்கிறது?

புத்தூர் கட்டு என்றால் என்ன?

ஆந்திராவின் புத்தூர் அருகே உள்ள ஒரு குடும்பத்தினர் தலைமுறை தலைமுறையாக செய்துவரும் வைத்தியம் இது. பச்சிலை விழுது, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை, துணி வைத்து கட்டுவார்கள். அந்தப் பெயரில் இன்று தமிழ்நாடு முழுக்க போர்டுகள் இருக்கின்றன. பெயர் ஒன்றாக இருப்பதால் பயிற்சியும் ஒன்று என்று அர்த்தமில்லை.

மக்கள் ஏன் போகிறார்கள்?

செலவு குறைவு. ஆபரேஷன் பயம் இல்லை. மலை கிராமத்தில் இருப்பவர்களுக்கு டவுன் ஆஸ்பத்திரியை விட பக்கத்து ஊர் வைத்தியர் கிட்ட. லேசான விரிசல் அசையாமல் இருந்தாலே பெரும்பாலும் கூடிவிடும். அதனால் நம்பிக்கையும் வளர்கிறது.

யாருக்கு அனுமதி?

எலும்பு மருத்துவர் என்றால் எம்பிபிஎஸ் முடித்து, எலும்பு சிகிச்சையில் மேற்படிப்பும் முடித்திருக்க வேண்டும். சித்த மருத்துவர் பிஎஸ்எம்எஸ் படிக்க வேண்டும். பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை ஆண்டுகள். வர்மம், எலும்பு முறிவுக் கட்டு எல்லாம் சித்த மருத்துவப் படிப்பிலேயே வருகின்றன. இருவருமே கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். பிசியோதெரபிஸ்ட்டுகளையும் உள்ளடக்கிய சட்டம் 2021-ல் வந்தது.

'பரம்பரை வைத்தியர்' என்பது மட்டும் போதுமா? போதாது. அங்கீகரிக்கப்பட்ட தகுதி இல்லாதவர்கள் வைத்தியம் பார்க்க முடியாது என்று 2018-ல் கேரள பாரம்பரிய வைத்தியர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வெளிநாட்டில் எப்படி?

கையாலேயே எலும்பு, தசையைச் சரிசெய்யும் 'ஆஸ்டியோபதி' 19-ம் நூற்றாண்டில் அமெரிக்காவில் தொடங்கியது. இப்போது அங்கே ஆஸ்டியோபதி படித்தவர்கள் முழு டாக்டர்கள். பிரிட்டனில் 1993 சட்டப்படி, கவுன்சிலில் பதிவு செய்யாதவர் 'ஆஸ்டியோபத்' என்று போர்டு வைக்கவே முடியாது.

ஆபத்து எங்கே?

எக்ஸ்ரே எடுக்காமல் கட்டினால் எலும்பு கோணலாகக் கூடலாம். கட்டு இறுகினால் ரத்த ஓட்டம் நின்று, சில மணி நேரத்திலேயே தசை அழுகத் தொடங்கும். கை, காலையே எடுக்க வேண்டிய நிலையும் வரலாம்.

கட்டு போட்ட பிறகு விரல் நீலமாகவோ வெளுத்தோ போனால், மரத்துப் போனால், ஜில்லென்று இருந்தால், வலி கூடிக்கொண்டே போனால் காத்திருக்காதீர்கள். உடனே கட்டை தளர்த்தச் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எலும்பு வெளியே தெரிந்தாலோ, குழந்தைகளுக்கு முழங்கையில் அடிபட்டாலோ நேராக ஆஸ்பத்திரிதான்.

எங்கே போகலாம்?

கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அங்குள்ள மருத்துவமனைக்குப் போகலாம். அவசரத்துக்கு 108. சாலை விபத்து என்றால், 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரத்துக்கு இலவச சிகிச்சை உண்டு. பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும்.

யாரிடம் போனாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: "பதிவு எண் என்ன? எக்ஸ்ரே பார்த்தீங்களா?"