ஸ்தாபகரும் மாணவிகளும்

சைவப் பெண்பிள்ளைகள் தம் சமயச் சூழலிலேயே உயர்கல்வி பெற வேண்டும் என்று, 1913 ஆம் ஆண்டு சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் எமது கல்லூரியை நிறுவினார். விடுதி இருந்தமையால் தூர ஊர்ப் பிள்ளைகளும் தங்கிப் படித்தனர்.

வரலாறு எழுதுகையில் ஒன்றை மறைத்தலாகாது. பெண்களுக்கு வாக்குரிமை வழங்குவதை டொனமூர் ஆணைக்குழுவின் முன் எதிர்த்தவரும் அவரே. 1930 இல் அவர் மறைந்தார். மறு ஆண்டே அவ்வுரிமை நடைமுறைக்கு வந்தது.

1945 இல் நாட்டில் இலவசக் கல்வி தொடங்கிற்று. பின்னர் கல்லூரியும் அரச பாடசாலையாயிற்று. சுன்னாகம், இணுவில், உடுவில் என அயலூர்ப் பிள்ளைகள் பலர் கட்டணமின்றிப் படித்தோம். நான் மருத்துவரானதும் அவ்வழியே.

ஸ்தாபகர் தந்த கல்வியைக் கொண்டே, அவர் மறுத்த உரிமையையும் நாம் ஆள்கிறோம். இரண்டையும் நினைவிற்கொள்வதே கல்லூரி அன்னைக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன்.