திறந்த கதவும் உயரமான படியும்

லிப்ரே ஆபீஸ் என்ற பெயரைக் கேட்டதுமே, பிரெஞ்சு வழியில் படித்த எனக்குப் பிடித்துப் போயிற்று. ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல் இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் பொது. பிரெஞ்சில் இலவசம் 'கிராத்துயி', சுதந்திரம் உள்ளது 'லீப்ர்'. இரண்டும் வேறு வேறு. கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் நாம் இலவசமாக இறக்கிக்கொள்ளும் இந்த மென்பொருளுக்கு இரண்டாவது சொல்லைத்தான் வைத்தார்கள். அந்தச் சுதந்திரம் ஏட்டிலிருந்து கைக்கு வர ஏறக்குறைய பத்து ஆண்டு பிடித்தது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு சிறு விளக்கம். நிரலர்கள் எழுதுவது மூலநிரல். அது சமையல் குறிப்பு மாதிரி. கணினியில் நாம் திறந்து வேலை செய்வது சமைத்து முடித்த சாப்பாடு. குறிப்பைச் சாப்பாடாக்க அடுப்பு, பாத்திரம், மளிகை எல்லாம் வேண்டும் அல்லவா? மென்பொருளில் அந்த ஏற்பாட்டுக்கு 'பில்ட் என்விரான்மென்ட்' என்று பெயர். ஒரு திருத்தம் செய்தால் அது சரியா என்று பார்க்க, மறுபடி சமைத்துத்தான் ஆகவேண்டும். அடுக்களை இல்லாதவனுக்குக் குறிப்பு வாசிக்க மட்டும்தான் உதவும்.

1985இல் ஜெர்மனியின் லூனபுர்க் நகரில் மார்க்கோ பூரீஸ் என்ற பதின்வயது இளைஞர் தொடங்கிய நிறுவனம் ஸ்டார் டிவிஷன். அவர்களுடைய ஸ்டார் ஆபீஸை 1999இல் அமெரிக்காவின் சன் நிறுவனம் வாங்கியது. 2000 அக்டோபர் 13 அன்று அதன் மூலநிரலை ஓப்பன் ஆபீஸ் என்ற பெயரில் உலகுக்குத் திறந்துவிட்டது. பல பத்து லட்சம் வரிகள்! அது பெரிய கொடை. அதில் சந்தேகமில்லை.

ஆனால் உள்ளே போக முயன்ற வெளியாள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் உருவாக்கிய 'மேக்' என்ற கருவியின் வழிவந்த குனூ மேக்தான் லினக்ஸ் உலகில் எல்லோருக்கும் பழக்கம். இவர்களோ 'டிமேக்' என்ற வேறொன்றை வைத்திருந்தார்கள். முதலில் கணினியைச் சோதித்து ஒரு அமைப்புக் கோப்பு தயாரிக்க வேண்டும். அதை ஏற்றிக்கொள்ள வேண்டும். பிறகு அந்த டிமேக்கையே கட்டிக்கொள்ள வேண்டும். அதற்கப்புறம்தான் உண்மையான வேலை தொடங்கும். அதுவும் மணிக்கணக்கில் ஓடும். நடுவில் எங்கோ ஒரு துணைப்பொருள் இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடும்.

இதையெல்லாம் தாண்டி நிரலைத் திறந்தால், விளக்கக் குறிப்புகளில் ஏராளமானவை ஜெர்மன் மொழியில். எழுதியவர்கள் ஜெர்மானியர், அதனால் அதில் தவறில்லை. ஆனால் வந்தவனுக்குப் புரியவேண்டுமே! திருத்தம் தந்தாலும், அதன் உரிமையில் சன் நிறுவனத்துக்கும் பங்கு தருவதாகப் படிவத்தில் கையெழுத்திட்டால்தான் ஏற்பார்கள்.

அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. 'பொதுமக்கள் பார்வையிடலாம்' என்று ஆணை இருக்கும். பதிவறைச் சாவி யாரிடம், கோப்பு எந்த அடுக்கில் என்பது அங்கே வேலை செய்பவருக்கு மட்டுமே தெரியும். ஆணை பொய்யில்லை. ஆனாலும் கோப்பு நம் கைக்கு வராது.

2010 தொடக்கத்தில் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியது. இனி என்ன ஆகுமோ என்று கவலைப்பட்ட தொண்டர்கள் அந்த ஆண்டு செப்டம்பர் 28 அன்று தனியே பிரிந்து, 'தி டாக்குமெண்ட் ஃபவுண்டேஷன்' என்ற அமைப்பையும் லிப்ரே ஆபீஸையும் அறிவித்தார்கள். உரிமைப் படிவம் வேண்டாம் என்றார்கள். அதோடு நிற்காமல் படியையும் தாழ்த்தினார்கள். டிமேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கிக் குனூ மேக்குக்கு மாறினார்கள். இப்போது மூலநிரலை இறக்கி, 'ஆட்டோஜென்' என்ற ஒரு கட்டளை, 'மேக்' என்ற இன்னொரு கட்டளை. லினக்ஸில் தேவையான துணைப்பொருள்கள் இருந்தால் அவ்வளவுதான். நேரம் இன்றும் பிடிக்கும், ஆனால் வழி தெரியும்.

புதிதாக வருபவர்களுக்கென்று 'ஈசி ஹேக்ஸ்' என்ற எளிய வேலைப் பட்டியலும் போட்டார்கள். எவரும் பயன்படுத்தாத பழைய நிரலைக் களைவது அதில் ஒரு வேலை. எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று: ஜெர்மன் குறிப்புகளை ஆங்கிலத்தில் பெயர்ப்பது. நிரல் எழுதத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஜெர்மன் தெரிந்தால் போதும்! இரண்டு மொழி அறிந்த ஒரு குமாஸ்தாவுக்குக்கூட அங்கே ஒரு நாற்காலி போட்டார்கள் என்றுதான் நான் இதைப் பார்க்கிறேன்.

2013 பிப்ரவரியில் 4.0 பதிப்பு வந்தபோது, முப்பது மாதத்துக்குள் 500க்கும் மேற்பட்ட நிரலர்கள் சேர்ந்ததாக அந்த அமைப்பு அறிவித்தது. அடுக்களையைச் சீர்செய்தது மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆரக்கிள் மேல் இருந்த அவநம்பிக்கை, கையெழுத்துத் தொல்லை நீங்கியது எல்லாம் சேர்ந்துதான் நடந்தது. ஆனால் மனமிருந்து வந்தவன் முதல் நாளே சலித்துத் திரும்பிப் போகாமல் இருந்தது, படி தாழ்ந்ததால்தான்.

உரிமையைத் தாளில் எழுதிக் கொடுப்பது ஒரு நாள் வேலை. அதைச் சாதாரண ஆள் எடுத்துப் பயன்படுத்தும்படி வழி செய்வதற்குப் பல ஆண்டு உழைக்க வேண்டும். அப்படி உழைத்தவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியாது. அடுத்த முறை ஒரு கடிதம் தட்டச்சு செய்யும்போது அவர்களை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்வோம்.