அடையாள அட்டை இல்லாதோருக்கு உதவி எங்கிருந்து தொடங்க வேண்டும்?

காத்தான்குடி, ஏறாவூர் போன்ற எமது வாவியோர ஊர்களில் 1990 வன்முறைகளிலும் 2004 சுனாமியிலும் வீடுகளோடு ஆவணங்களையும் இழந்த குடும்பங்கள் உண்டு. அடையாள அட்டை இல்லாத ஒரு விதவைக்கு வங்கிக் கணக்குத் திறப்பதே பெரும்பாடு.

தேசிய அடையாள அட்டையை 1968 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஆட்பதிவுத் திணைக்களம் வழங்குகிறது. 15 வயது பூர்த்தியானவர் விண்ணப்பிக்கலாம். மாணவர்கள் அதிபர் ஊடாகவும் ஏனையோர் கிராம உத்தியோகத்தர் ஊடாகவும். அட்டை தொலைந்திருந்தால் முதலில் பொலிஸ் முறைப்பாடு அவசியம்.

ஆனால் பலர் தடைப்படுவது அதற்கும் முன்னால், பிறப்புச் சான்றிதழில்தான். பதிவு இருந்து பிரதி மட்டும் தொலைந்திருந்தால், பதிவு நடந்த பகுதியின் பிரதேச செயலகத்தில் பெறலாம். பிறப்பே பதியப்படாமல் 3 மாதங்கள் கடந்திருந்தால், மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் காலங்கடந்த பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பெற்றோரின் திருமணச் சான்றிதழ் அங்கே கைகொடுக்கும். பதியப்படாத நிகாஹ்வும் செல்லுபடியாகும். ஆனால் காட்டுவதற்குக் கையில் சான்றிதழ் இருக்காது. அதன் சுமை பிள்ளையின் தலையில் விழுகிறது.

எனவே பள்ளிவாசல் நிர்வாகங்களும் இளைஞர்களும் விண்ணப்பப் படிவத்தைக் கொடுத்ததோடு நின்றுவிடக் கூடாது. ஒரு பத்திரத்தில் முகம்மது, இன்னொன்றில் முஹம்மத் என்றிருக்கும் பெயர் வேறுபாடுகளை முன்கூட்டியே பார்த்துக் கொடுங்கள். எழுதத் தெரியாதவரோடு அலுவலகம் வரை செல்லுங்கள். நிகாஹ் நடக்கும் அன்றே பதிவையும் முடிக்கச் சொல்லுங்கள். தரகருக்குப் பணம் கொடுக்கும் நிலை ஏழைக்கு வராது.